வேலி தாண்டிய டின்கள்

"இன்னிக்கும் ரெண்டு, தலைவரே! நீங்களே வந்து பாருங்க!"

படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த ஊர்த் தலைவர் தெமாரி நிமிர்ந்தார். எதிரில் ஹெரேதி. இரண்டு கையிலும் துருப்பிடித்த மாட்டுக்கறி டின்கள்.

"எங்க கிடந்துச்சு?"

"எப்பவும் கிடக்கிற இடம்தான். என் தியாரே பூச்செடிக்கு அடியில. ஒன்றரை மாசமா இதே கூத்து. காலையில எழுந்து பார்த்தா ஒண்ணோ ரெண்டோ கிடக்கு. எல்லாம் அந்தத் தெபைரு வேலை!"

ஹெரேதி தாஹித்தி என்னும் பெரிய தீவில் பிறந்தவள். கொப்பரை வாங்கும் கணவனோடு போன வருஷம்தான் இந்தப் பவளத்தீவுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுத் தெபைருவோடு அவளுக்கு மார்ச் மாதத்திலிருந்து பேச்சு இல்லை. தெபைருவின் பன்றி வேலியில் புகுந்து, ஹெரேதி நட்ட முதல் தியாரே கன்றைக் கிளறிப் போட்டுவிட்டது. "பன்னிக்கும் அதை வளர்க்கிறவளுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஊரே கேட்கும்படி கத்தினாள் ஹெரேதி. அதற்குப் பிறகு அந்த வேலிப் பக்கம் அவள் முகம் திரும்பியதே இல்லை.

"வியாழக்கிழமை கப்பல்ல போலீஸ்காரர் வர்றாராம். ஒரு புகார் எழுதிக் குடுங்க தலைவரே. அவளை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேக்கணும்."

"முதல்ல செடியைப் பார்ப்போம், வா."

செடி இடுப்பு உயரம் இருந்தது. தலைவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன போட்டு வளர்க்கிற?"

"மீன் கழிவு, காஞ்ச இலை, எல்லாம்தான். எங்க ஊர்ல ஒரு குச்சியை ஒடிச்சு ஈர மண்ணுல குத்தினா தானா வேர் பிடிச்சுப் பூத்துக் கொட்டும். இங்க மண்ணு எங்க இருக்கு? எல்லாம் பவளப்பொடி. என்ன செஞ்சும் இலை மஞ்சளாப் போச்சு. நரம்பு மட்டும்தான் பச்சை."

"இப்ப முழுசாப் பச்சையா இருக்கே?"

"இப்பத் தேவலை."

"எப்பலேர்ந்து?"

"ஒரு மூணு வாரமா. தலைவரே, நான் டின்னைப் பத்திச் சொல்றேன், நீங்க இலையை விசாரிக்கிறீங்க!"

"மொட்டுகூட வெச்சிருக்கு. சரி, மத்த டின்னெல்லாம் எங்க?"

"முதல்ல பொறுக்கி, திரும்பிக்கூடப் பார்க்காம அவ பக்கமே வீசினேன். மறுநாளே திரும்பி வந்துடுச்சு. அப்புறம் இங்கேயே குழி தோண்டிப் புதைச்சிட்டேன். போலீஸ்காரர் வந்தா தோண்டிக் காட்ட சாட்சி வேணாமா?"

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லாத்தான் புதைச்சிருக்க! இந்த மணல்ல செடிக்கு இரும்புச் சத்தே கிடைக்காது, ஹெரேதி. அது கிடைக்கலேன்னா தியாரே மஞ்சளாத்தான் போகும். இந்தத் தீவுப் பொம்பளைங்க செடிக்கு அடியில துருப்பிடிச்ச டின்னைப் புதைச்சுத்தான் வளர்ப்பாங்க. உன்கூடப் பேச்சு இல்லையே, அவ வேற எப்படிச் சொல்லுவா?"

ஹெரேதியின் முகம் சிவந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"டின்தானே? வீட்டுக்கு வீடு குவிஞ்சு கிடக்கு. குப்பையைத் தூக்கிப் போடறது ஒரு பெரிய உபகாரமா?"

"குவிஞ்சு கிடக்கிறது புது டின். அது இந்த மாதிரி துருப்பிடிச்சு உதிரணும்னா ரெண்டு மூணு வருஷம் மண்ணுக்குள்ள கிடக்கணும்."

"அப்ப இவளுக்கு மட்டும் இத்தனை பழைய டின் எங்கேருந்து வந்துச்சாம்?"

தலைவர் எழுந்து, வேலியைக் கையால் காட்டினார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு ஹெரேதி முதல் தடவையாக எட்டிப் பார்த்தாள்.

போன வருஷம் ஊரில் பாதிப் பேருக்குப் பூக்கொடுத்த தெபைருவின் தியாரே, அடியைச் சுற்றிலும் புதிதாகத் தோண்டிய குழிகளோடு, ஒரு மொட்டுகூட இல்லாமல், மஞ்சளாகி நின்றது.