இடது கைக் கிடார்

இப்படி ஒரு நன்றி கெட்ட பெண்ணைச் சுருதிக்காரர் பார்த்ததே இல்லை.

இசைக்கருவிக் கடையில் இருபது வருடமாக விற்பனையாளர் அவர். சுருதி சேர்க்காமல் ஒரு கிடாரையும் அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார், அதனால் அந்தப் பட்டப்பெயர். முதல் கிடார் வாங்க வந்தவர்கள் துள்ளிக் குதித்துப் பார்த்திருக்கிறார். சந்தோஷத்தில் அழுதும் பார்த்திருக்கிறார். இந்தப் பெண்ணோ இழவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கை ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் இருந்தது.

கூட வந்தவர்தான் பேசினார்.

"புதுசாக் கத்துக்கறவங்களுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிடார் வேணும். விலை கையைக் கடிக்கக் கூடாது. ஆனா பார்க்க எடுப்பா இருக்கணும்."

"பொண்ணுக்கா சார்?"

"சொந்தப் பொண்ணு இல்லை. என் ஃபேக்டரில வேலை பார்க்குது. தகடு வெட்டற மெஷின்ல."

தொழிலாளிக்குக் கிடார் வாங்கித் தருகிற முதலாளி! சுருதிக்காரர் தன் முதலாளியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பெருமூச்சு வந்தது.

வந்தவர் சுவரில் தொங்கிய பளபளப்பான சிவப்புக் கிடாரின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதையே பில் போட்டுடுங்க."

"கத்துக்கறவங்க ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கட்டும் சார். ஏம்மா, கையை வெளிய எடு. பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டா கிடார் வாசிப்பாங்க?"

அவள் எடுத்தாள்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்தன. மற்ற மூன்றும் அடியோடு இல்லை. தையல் போட்ட இடம் இன்னும் சிவந்தே இருந்தது.

சுருதிக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசம் ஆச்சு. மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. ரொம்ப நாளாவே கிடார் கத்துக்கணும்னு கூட வேலை பார்க்கறவங்க கிட்ட சொல்லிட்டு இருந்துச்சாம். கேள்விப்பட்டதும் எனக்கு மனசு கேக்கலை."

"அண்ணா..." அந்தப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இந்தக் கையை வச்சுக்கிட்டு வாசிக்க முடியுமா?"

சிவப்புக் கிடாரில் முடியாது. அதில் கம்பியை அழுத்த வேண்டியது இடது கை விரல்கள்தான்.

சுருதிக்காரர் உள்ளறைக்குப் போனார். வாங்க ஆளில்லாமல் கிடந்த ஒரு கறுப்புக் கிடாரைத் தூசு தட்டி எடுத்து வந்தார்.

"இது இடது கைக்காரங்களுக்காகச் செஞ்சது. எல்லாமே தலைகீழ். வலது கை அழுத்தும், இடது கை மீட்டும். மீட்டற பிளாஸ்டிக் வில்லையைப் பிடிக்க ரெண்டு விரல் போதும்மா. எலெக்ட்ரிக்குங்கறதால கம்பியும் மெலிசு. ரொம்ப அழுத்த வேண்டாம்."

"விலை?" என்றார் முதலாளி.

சுருதிக்காரர் சொன்னார். சிவப்பைவிடக் கூடுதல்.

"அந்தச் சிவப்பே போதுமே. பழகினா வந்துடும்."

"வராது சார். என் கமிஷனை விட்டுடறேன். சிவப்பு விலைக்கே இதை எடுத்துக்கங்க."

வீட்டில் தெரிந்தால் திட்டு விழும். விழட்டும் என்று விட்டுவிட்டார்.

சுருதி சேர்த்து, ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, கிடாரை அவள் மடியில் வைத்தார். இரண்டு விரல்களுக்கு நடுவே வில்லையை இடுக்கிக் கொடுத்தார். அவள் ஒரே ஒரு கம்பியை மீட்டினாள். கடை முழுக்கக் கேட்டது. அவள் முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மீட்டினாள்.

பிறகு மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள்.

"எனக்கு வேண்டாம் சார்."

முதலாளி நீங்களே பாருங்கள் என்பது போலச் சுருதிக்காரரைப் பார்த்தார்.

சுருதிக்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, எந்த முதலாளி இப்படிக் கடைக்குக் கூட்டிட்டு வந்து வாங்கித் தர்றாரு? எனக்கு எங்க முதலாளி இருபது வருஷத்துல ஒரு கம்பிகூட வாங்கித் தந்ததில்லை. இன்னைக்கு வீம்பு பண்ணினா நாளைக்கு யார் வாங்கித் தருவா? இந்தக் கையோட நீ சம்பாதிச்சு வாங்கப் போறியா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது, கடைசி வார்த்தை அதிகம் என்று. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கலாம்னு நீங்க சொல்றீங்களாண்ணா?"

"ஆமாம்மா. கூடப் பிறந்தவனா நினைச்சுக்கோ. யோசிக்காம வாங்கிக்கோ."

கறுப்புக் கிடாரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி சார்" என்றாள் முதலாளியிடம்.

முதலாளி கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார். அவள் அதைப் படிக்கவில்லை. ஏற்கெனவே பலமுறை படித்தவள் போல நேராகக் கடைசி வரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

சுருதிக்காரர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

'இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றியது நானே. முதலாளிதான் கழற்றச் சொன்னார் என்று நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.'

"ரெண்டு மாசமா நாங்க எவ்வளவு சொல்லியும் கேக்காத பொண்ணு. நீங்க நல்லா எடுத்துச் சொன்னீங்க" என்று முதலாளி பேனாவை அவர் பக்கம் நீட்டினார். "சாட்சிக் கையெழுத்தையும் நீங்களே போட்டுடுங்க."