மூன்றாவது சோதனை

"வர்றாங்கப்பா, நிமிர்ந்து உட்காரு!" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கோனி கிசுகிசுத்தாள். கதவு திறந்தது. ஏரிக்காற்றோடு மார்லிஸ் உள்ளே வந்தார்.

ரோலண்ட் டையைச் சரிசெய்துகொண்டார். காகித ஆலை மூடிய பிறகு, ஐம்பத்து நாலு வயதில் கிடைத்த வேலை, மருத்துவமனை வாசலில் இந்த விசாரணை மேஜை. இன்னும் நிரந்தரமாகவில்லை.

மார்லிஸ் அங்கே நோயாளிகளின் தகவல்களைக் காக்கும் அதிகாரி. யாருடைய ஃபைலையும் திறக்கக் கூடியவர். காரணமில்லாமல் திறப்பவர்களைப் பிடிப்பதும் அவர்தான். பக்கத்து வீட்டுக்காரியின் ஃபைலை எட்டிப் பார்த்த இரண்டு நர்ஸுகள் போன குளிர்காலத்தில் வேலையை இழந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களை அவர் ஏதாவது வேஷத்தில் வந்து சோதிப்பார். முதல் தடவை பூங்கொத்தோடு வந்த பூக்கடைக்காரி. ரோலண்ட் தப்பித்துவிட்டார்.

இரண்டாவது தடவை பாதிரியாரின் மனைவியாக, தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். "சபையில எல்லாரும் போன்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லி ஜெபிக்கிறோம். அந்தப் பெரியவர் எந்த அறைன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். ஜெபத்துக்குத்தானே என்று ரோலண்ட் அறை எண்ணோடு வியாதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

"உன் பக்தியே உன் வயித்துல அடிச்சிரும் போல" என்று கோனி அன்று முழுக்கக் கேலி செய்தாள். இன்னொரு முறை தவறினால் வேலை கிடையாது.

இன்று மார்லிஸின் கோட்டில் பொத்தான்கள் மாற்றிப் போடப்பட்டிருந்தன. காலில் வீட்டுக்குள் போடும் துணிச்செருப்பு. அதில் பனி ஒட்டியிருந்தது.

"செருப்பைப் பாரேன்! என்னமா யோசிக்கிறாங்க!" கோனிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மார்லிஸ் மேஜையில் இரண்டு கைகளையும் வைத்தார். "கேலப் ரிண்டல். இருபத்து நாலு வயசு. இங்க இருக்கானா?"

ரோலண்ட் பெயரைத் தட்டிப் பார்த்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. அங்கே இல்லாதவர்களின் பெயர் வராது. தான் இருப்பதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட நோயாளியின் பெயரும் வராது. இரண்டுக்கும் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்.

"அந்தப் பேர்ல சொல்றதுக்கு எங்கிட்ட எந்தத் தகவலும் இல்லீங்கம்மா."

"நான் அவனைப் பெத்தவ."

"புரியுதுங்கம்மா. ஆனா எங்கிட்ட தகவல் இல்லீங்க."

"ரெண்டு வருஷமா எங்கிட்டப் பேசல. நேத்து அவனை ஆம்புலன்ஸ்ல ஏத்தினதை அவன் சிநேகிதன் பார்த்திருக்கான். உயிரோட இருக்கானான்னு மட்டும் சொல்லுங்க. தலையையாவது ஆட்டுங்க."

தலையாட்டினால் அதுவும் பதில்தான். அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மார்லிஸ் அழவில்லை. சத்தம் போடவில்லை. மளிகைக் கடையில் பால் என்ன விலை என்று கேட்கிறவர் போல ஒரே குரலில் பேசினார். சோதிக்க வந்தால் வழக்கமாக மூக்கைச் சிந்தி, மேஜையைத் தட்டி அமர்க்களம் செய்கிறவர் அவர்.

"சரி. உங்களால என்ன சொல்ல முடியும்?"

பாடத்தில் இல்லாத கேள்வி.

"உங்க பையனைப் பத்திச் சொல்லலீங்கம்மா. பொதுவாச் சொல்றேன். மேல படுத்திருக்கிறவங்க யாரா இருந்தாலும் கட்டில் பக்கத்துலயே போன் இருக்கு. கூப்பிடணும்னு நினைச்சா கூப்பிடலாம். கூப்பிடறதும் கூப்பிடாததும் அவங்க இஷ்டம்."

"அவன் கூப்பிட மாட்டான்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எங்க பாதிரியார் ஒவ்வொரு அறைக்கும் போவார். வேண்டாம்னு சொல்றவங்க அறை வாசல்லயும் ஒரு நிமிஷம் நின்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் நகருவார். அவருக்கும் பேரு தெரியாது, கேட்கவும் மாட்டார். இங்க யாருமே தனியா இல்லீங்கம்மா."

மார்லிஸ் அவரையே பார்த்தார். பிறகு மேஜை விளிம்பை ஒருமுறை தடவினார், தூசு இருக்கிறதா என்று பார்ப்பது போல.

ரோலண்ட் எழுந்துபோய் ஒரு காப்பி ஊற்றிக்கொண்டு வந்து, மார்லிஸின் விரல்களை விரித்து, கோப்பையைக் கையில் வைத்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன. அவர் குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார்.

"சரியாத்தான் சொன்னீங்க" என்றார் கடைசியில். "யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க. யார் அழுதாலும்."

அவர் கதவை நோக்கி நடந்ததும் கோனி ரோலண்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "பிழைச்சுக்கிட்டய்யா! காப்பி வேறயா, ஆளைப் பாரு! போ, போய் மார்க்கைக் கேளு."

ரோலண்டுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. இரண்டெட்டில் கதவருகே போய்விட்டார்.

"மேடம், எத்தனை மார்க்குன்னு சொல்லவே இல்லியே?"

மார்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு எனக்கு லீவு, ரோலண்ட்."