ஒரு பக்கம் இறங்கிய மீசை

கத்தி நிற்கவில்லை.

குழாயை வெட்டியாயிற்று. கீழே சொட்டும் துளியையும் வெட்டியாயிற்று. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் அதோடு ஓய்ந்திருக்க வேண்டும். அதுவோ நீலத் தாளின் மூலைக்கு நகர்ந்து, நிதானமாக இன்னொன்றை வெட்டத் தொடங்கியது.



மொத்த வகுப்பும் சுற்றி நின்றிருந்தது. கல்லூரி கேன்டீனில் ஒட்டப்போகும் ‘குழாயை மூடவும்’ ஸ்டிக்கர். வகுப்பு புராஜெக்டுக்காக அவள் மூன்று வாரம் கணினியில் வரைந்தது.

முதல் இரண்டு வாரம் குழாயின் வளைவு வரவேயில்லை. புள்ளி வைத்து இழுத்தால் கோடு சொன்ன பக்கம் வளைய வேண்டும். அது தன் இஷ்டத்துக்கு வளைந்தது. கன்ட்ரோல் இசட். செய்தது மறைந்துவிடும். மறுபடி இழுப்பாள். மறுபடி கன்ட்ரோல் இசட்.

வெறுத்துப்போய் நிமிர்ந்தபோது எதிர்வரிசையில் காளிராஜின் மீசை தெரிந்தது. இருபுறமும் மேலே முறுக்கிய மீசை. வகுப்பில் அப்படி அவனுக்கு மட்டும்தான்.

சும்மா வரைந்து பார்த்தாள்.

கோடு சொன்னபடி கேட்டது.

ஒரு முனை மட்டும் இறங்கிவிட்டது. இருந்தாலும் அவன் மீசைதான், சந்தேகமே இல்லை. அதன்பிறகு குழாயெல்லாம் ஒரு மணி நேர வேலை.

அழிக்க மனம் வரவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்.

மீசைக்கு வெள்ளை நிறம் கொடுத்து, திரையின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு மூலையில் ஒளித்து வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

கத்திக்கு நிறம் தெரியாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கோடு இருந்தால் அது வெட்டும்.

வெட்டி முடித்தது.

வகுப்பு அந்த நீல மீசையைப் பார்த்தது. பிறகு காளிராஜைப் பார்த்தது. சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

இதற்குக் கன்ட்ரோல் இசட் கிடையாது.

காளிராஜ் தாளின் அந்த மூலையை மட்டும் கிழித்தெடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“ஒரு பக்கம் எறங்கிருச்சே” என்றான்.

சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். கோபமா, கேலியா? அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் முதல் ஆளாக வந்து கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தாள். இறங்கிய முனையைப் பிடித்து மேலே இழுத்தாள். இரண்டு முனையும் சமமாக நின்றன. அவள் வரைந்ததிலேயே குறை சொல்ல முடியாத வளைவு அதுதான்.

காளிராஜ் உள்ளே வந்தான்.

மீசையின் ஒரு முனை வழக்கம்போல மேலே முறுக்கியிருந்தது. மற்றதைக் கீழே இறக்கி வாரியிருந்தான்.

அவள் வரைந்த அதே பக்கம்.

யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

அவள் கன்ட்ரோல் இசட்டை அழுத்தினாள்.