சம்பந்தியின் மூச்சு

எனக்கு இருப்பது லேசான ஆஸ்துமா. சம்பந்திக்கும் அதேதான். ஆனால் என் மருமகள் வாயைத் திறந்தால் அவள் அப்பாவின் பெருமைதான்.

"அப்பா தினமும் மூச்சுப்பயிற்சி செய்றாரு, மாமா. ஐஸ் தண்ணியைத் தொடுறதே இல்ல. இஞ்சியும் தேனும் ஒரு நாள் தவறாது. இப்ப நிக்காம மூணு மாடி ஏறுறாரு!"

பெண் வீட்டார் முன்னால் பிள்ளையின் தகப்பன் மூச்சிரைக்க நிற்பதா? வயிறு எரிந்தது. மருத்துவர் தந்த இன்ஹேலரை விடாமல், மற்றதையெல்லாம் நானும் ஆரம்பித்தேன். எண்ணெய்ப் பலகாரத்துக்கு முழுக்குப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டுக்குப் போய், மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி அழைப்புமணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் திகைத்தார். "நெஜமாவே நிக்காமலா ஏறி வந்தீங்க?"

"நீங்க தினமும் ஏறுறதுதானே சம்பந்தி!"

"நானா? போன மாசம் வரைக்கும் மாடிக்கு மாடி உக்காந்துதான் வருவேன். உங்களாலதான் எனக்கு இந்த இஞ்சியும் தேனும்!"

"என்னாலயா?"

"பின்ன? 'எங்க மாமா நிக்காம ஏறுறாரு. அவரைப் பார்த்துக் கத்துக்கோங்கப்பா'ன்னு மூணு மாசமா போன்ல என் மானத்தை வாங்குறா உங்க மருமக. பொறாமை யாரை விட்டுது?"

என்மேல் பொறாமை என்றதை இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்க என் கௌரவம் இடம் தரவில்லை.

"காது சரியாக் கேக்கல, சம்பந்தி" என்றேன்.