லிஃப்டுக்குள் அக்கா

"அக்கா, பயப்படாதீங்க! நாங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்!"

லிஃப்ட் கதவில் வாயை ஒட்டிக்கொண்டு கத்தினார் வக்கீல் அம்மா. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. உள்ளே சமையல்கார அக்கா மாட்டிக்கொண்டிருந்தார்.

நான்காவது மாடியில் உள்ள மூன்று வீடுகளுக்கும் அக்காதான் சமையல். வக்கீல் அம்மா கையில் கேஸ் கட்டோடும், பல் டாக்டரம்மா ஒற்றைச் செருப்போடும், பேராசிரியர் வெறும் பனியனோடும் ஓடி வந்திருந்தார்கள். இத்தனை வருஷம் ஒரே மாடியில் இருந்தும் மூவரும் ஒன்றாக நின்று பேசுவது இதுதான் முதல் தடவை.

"விருந்தாளிங்க வர்ற நேரமாப் பார்த்து இப்படி ஆகணுமா?" என்றார் பல் டாக்டரம்மா.

"உங்களுக்காவது விருந்தாளி. எனக்குச் சாயங்காலம் கூட்டம்" என்றார் பேராசிரியர். "வாழ்க்கையில எது முக்கியம்னு பேசணும். வெறும் வயித்தோட என்னத்தைப் பேசறது?"

போன் செய்து மூச்சு விடுவதற்குள் மெக்கானிக் வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்தாராம். மேலே மோட்டார் அறைக்குப் போனார், வந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நேரம் ஆகும்."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"லிஃப்டுக்கு ஒண்ணும் இல்லைம்மா. உள்ள இருக்கறவங்க பயந்து மயக்கம் போட்டுட்டாத்தான் வம்பு. அவங்க வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாடியில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு அல்சர், எந்த வீட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அக்காவின் வீடு எங்கே என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"பஸ்லதான் வருவாங்க" என்றார் பல் டாக்டரம்மா, பெரிய தகவலைச் சொன்னது போல.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்கார்னுதான் நினைக்கிறேன்" என்று இழுத்தார் வக்கீல் அம்மா.

"இல்லையே, போன வருஷமே தவறிட்டாரில்ல?" என்றார் பேராசிரியர்.

மெக்கானிக்குக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சரி விடுங்க. அவங்க மனசுக்குத் தெம்பா ஏதாவது பேசிக்கிட்டே இருங்க" என்றார்.

"அக்கா, நீங்க இல்லைன்னா எங்க குடும்பமே இல்லை!" என்று ஆரம்பித்தார் வக்கீல் அம்மா.

"எங்கம்மாவுக்கு அப்புறம் நீங்கதான்!" என்றார் பேராசிரியர். அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. பசி வேறு.

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "அதெல்லாம் இருக்கட்டும் சார். என் பொண்ணு முகத்தைப் பார்க்காமலே போயிடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

"பொண்ணா? எங்கே இருக்கு?" என்று கேட்டார் மெக்கானிக்.

இது மட்டும் மூவருக்கும் நன்றாகவே தெரியும். பெண் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போய்ப் பார்க்க நாலு நாள் லீவு வேண்டும் என்று அக்கா மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். 'டாக்டரம்மா விட்டா நானும் விடறேன்' என்பார் வக்கீல் அம்மா. 'பேராசிரியரைக் கேளுங்க' என்பார் டாக்டரம்மா. 'முதல்ல வக்கீல் அம்மாகிட்ட பேசுங்க' என்பார் பேராசிரியர். யாரும் முடியாது என்று சொன்னதில்லை. அதனால் மூவருக்கும் தாங்கள் நல்லவர்கள் என்றே எண்ணம்.

"அக்கா, நாலு நாள் போயிட்டு வாங்க!" என்று கத்தினார் வக்கீல் அம்மா.

மெக்கானிக் கதவில் காதை வைத்தார். முகம் சுருங்கியது. "மூச்சு வாங்குதே. மயக்கம் வருதோ என்னவோ."

"ஒரு வாரம் எடுத்துக்கோங்க அக்கா! ஒரு வாரம்!" என்று அலறினார் பல் டாக்டரம்மா.

"மூணு வீட்டுலயுமா?" என்றது உள்ளிருந்து குரல்.

"மூணு வீட்டுலயும்தான்! நாளைக்கே கிளம்புங்க!"

"நாளைக்கேவா?" பேராசிரியர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு எங்க மாப்பிள்ளை..."

"சார், உயிர் விஷயம்" என்றார் மெக்கானிக்.

"சரி, சரி. நாளைக்கே."

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து அங்கும் இங்கும் திருகினார். பிறகு கதவில் டக்டக்கென்று தட்டினார். என்ன மாயமோ, லிஃப்ட் சமர்த்தாக மேலே ஏறி வந்து திறந்துகொண்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அக்கா வெளியே வந்தார்.

பல் டாக்டரம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். "பாவம், எப்படி வேர்த்திருக்கு! வாங்க அக்கா, எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரு காபி போட்டு, நீங்களும் குடிங்க."

அக்கா காபி போட்டார். மூன்று வீட்டிலும் சமைத்தார். பேராசிரியர் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பியபோது அக்காவும் படியிறங்கித் தெருமுனைக்கு வந்தார். அங்கே மெக்கானிக் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, நீங்க சொன்னபடியே சிவப்பு சுவிட்சை அமுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். ஒரு வாரமே கிடைச்சிருச்சு!" என்று சிரித்துக்கொண்டே அக்கா பின்னால் ஏறிக்கொண்டார்.

"பொண்ணுக்குப் போன் போட்டு ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லு" என்று பைக்கை உதைத்தார் மெக்கானிக். "திரும்பி வந்ததும் அந்தப் பேராசிரியர்கிட்ட, உன் புருஷன் இன்னும் உயிரோடதான் இருக்கான்னு சொல்லிடு!"