வெறும் தண்ணீர் குடித்த எலிகள்

"பாட்டிலை மாத்திட்டியா? உண்மையைச் சொல்லு!"

ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் போட்ட சத்தத்தில் உதவியாளப் பெண் வெலவெலத்துப் போனாள்.

"சத்தியமா இல்ல மேடம். இந்தக் கூண்டுக்கு மூலிகைச் சாறு, அந்தக் கூண்டுக்கு வெறும் தண்ணி. நான் மாத்தவே இல்ல."

"அப்புறம் இது எப்படி?"

எலிகளைத் தொட்டியில் நீந்தவிட்டு அசதியை அளக்கும் சோதனை. சாறு குடித்தவை சளைக்காமல் நீந்தின. சரி. வெறும் தண்ணீர் குடித்தவை சீக்கிரமே சோர்ந்து மிதக்க வேண்டுமே! அவையும் அல்லவா விடாமல் நீந்துகின்றன?

அவளுக்கு அழுகை முட்டியது. தீராத அசதியில் படுத்த படுக்கையாகிவிட்ட கணவனுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியையே கையில் எடுத்தாள். மருந்து, மருந்து என்று லேபே கதியாகிவிட்டது. அவனிடம் முகம் கொடுத்துப் பேசியே பல நாளாகிறது.

யாரோ சோதனையில் கைவைக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று, மறுநாள் நீச்சல் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனதும் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கதவு திறந்தது. இயக்குநர்! சிரித்தால் வேலை போய்விடும் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பவர். அவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பேர் 'சிடுமூஞ்சி'.

ஓஹோ, இந்த ஆளா?

அவர் நேராகத் தண்ணீர்க் கூண்டுக்குப் போனார். ஈரம் காயாத ஓர் எலியை எடுத்து, மடியில் துண்டை விரித்துத் துவட்டினார். ஒற்றை விரலால் அதன் தலையை வருடினார்.

"உனக்கு மருந்து கிடையாதுடா தங்கம். உன்னை இந்தக் கூண்டுல போடச் சொன்னதே நான்தான். என்ன பண்ணச் சொல்ற?"

எலி அவர் உள்ளங்கையில் கண்மூடிச் சுருண்டது.

மருந்தே இல்லாமல், வெறும் கைச்சூட்டிலா இத்தனை நீச்சலும்? அவளுக்கு மெய்சிலிர்த்தது. தன்னை மறந்து வெளியே வந்துவிட்டாள்.

அவர் முகம் வெளிறியது.

"சோதனையைக் கெடுத்தது நான்தாம்மா. மனசு கேக்கல, தினமும் இந்த நேரத்துல வந்துடறேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன், நீ முதல்லேர்ந்து ஆரம்பி."

"நாளைக்கு ஆரம்பிக்கிறேன் சார். இப்ப எனக்கு அரை நாள் லீவு வேணும்."

பட்டப்பகலில் அவளை வீட்டில் பார்த்ததும் கணவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன... மருந்து கண்டுபிடிச்சிட்டியா?"

கட்டிலில் உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்லீங்க. அது வர்ற வரைக்கும் உங்க பக்கத்துல ஒரு ஆள் வேணும்னு எனக்குத்தான் இத்தனை நாளா உறைக்கல."