சைலஸ் விட்காம்ப் காலமானார்

“ஒரு மரண அறிவிப்பு போடணும் ஐயா. இந்த வாரமே வரணும்.”

ஹைரம் தார்ன் அச்சுக்கோக்கும் பலகையிலிருந்து நிமிர்ந்தார். படகிலிருந்து இறங்கி நேராக வந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பாவாடை ஓரமெல்லாம் வபாஷ் ஆற்றுச் சேறு.

அந்த அறைக்குள் ஆள் வந்து நாலு நாளாகியிருந்தது. தார்ன் இண்டியானா சட்டசபையில் இருந்த காலத்தில் இதே ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது. அடுத்த தேர்தலில் பதினோரு ஓட்டில் தோற்றார். கூட்டம் ஜெயித்தவன் வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பத்திரிகை. எழுதுவதும் அச்சடிப்பதும், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சோள ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுப்பதும் தனியாகத்தான்.

“இறந்தது யாரும்மா?”

“எங்கப்பா. சைலஸ் விட்காம்ப். கிழக்கே வெர்மான்ட் பக்கத்துக்காரர்.”

அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, நிலம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேற்கே கிளம்பியவராம். ஒரு கடிதம்கூட இல்லை. அம்மா இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள். இப்போது மாவு ஆலை வைத்திருக்கும் ஒருவர், நல்ல மனிதர், அம்மாவைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். முதல் கணவன் இறந்ததற்கு அச்சில் வந்த சாட்சி வேண்டும் என்கிறார் பாதிரியார். இதையெல்லாம் அவள் நின்றபடியே சொன்னாள்.

தார்ன் குறித்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். உறுதியாகத் தெரியாத எதையும் இந்தப் பத்திரிகை போட்டதில்லை, தேர்தல் சமயத்தில்கூட, என்றார்.

“அவரை நீங்க நேர்ல பார்த்தீங்களா?”

“பார்த்துட்டேன்.”

எங்கே, எப்போது என்று தார்ன் கேட்கவில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார். காய்ச்சலில் காலமானார் என்று போட்டார்.

மை காயாத தாளை வாங்கி அவள் படித்தாள். கடைசியில் அவள் சொல்லாத ஒரு வரி இருந்தது: ‘மனைவியையும் மகளையும் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.’

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இறந்தவர்களுக்கு அப்படி ஒரு வரி சேர்ப்பது வழக்கம் என்றார் தார்ன். விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே, வேண்டாமென்றால் எடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

அவள் தாளை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தினாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

“இருக்கட்டும். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறேன், அப்பா.”